கோபுரத்து இங்கிலீஷ்

துறைமுகக் கோபுரத்தில் உட்கார்ந்து ரேடியோவில் கப்பல்களுக்கு வழி சொல்லும் வேலைக்குச் சிவப்பெருமாள் வந்து மூன்று மாதம் ஆகிறது. வயது நாற்பத்தெட்டு. அதுவரை இழுவைப் படகு ஓட்டியவர். வேலை கற்றுக்கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று.

அன்று மேலதிகாரி வந்திருந்தார்.

"உங்க இங்கிலீஷ்ல தமிழ் வாடை தாங்கலை. இன்னைக்கும் அப்படியே பேசினீங்கன்னா படகுக்கே திரும்பிடுங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சிவப்பெருமாள் ஜெசிந்தாவிடம் மெல்லக் கேட்டார்: "டீச்சரம்மா, என் இங்கிலீஷ் என்னைக்குத்தான் சரியாகும்?"

அவள் மைக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வெளியே ஒரு சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தது. அதன் இடப்பக்கம் மணல்திட்டு. வலப்பக்கம் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கப்பல் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கடலில் அதுதான் வழக்கம். திருப்பிச் சொன்னால்தான் புரிந்தது என்று அர்த்தம்.

நம்ம ஆள் என்ன செய்தார்? ஒரு மாதமாக யூடியூப் பார்த்துப் பழகிய லண்டன் இங்கிலீஷை எடுத்துவிட்டார். மூக்கால் பேசி, பாதியை மென்று விழுங்கினார்.

"புரியலை. மறுபடி சொல்லுங்க" என்றது கப்பல்.

மறுபடி சொன்னார். மறுபடியும் அதே பதில். கப்பல் மணலைப் பார்த்தே வந்தது.

ஜெசிந்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணாச்சி! யாரு வாய் அது? படகுல எப்படிப் பேசுவீங்களோ அப்படிப் பேசித் தொலைங்க!"

சிவப்பெருமாள் மூச்சை இழுத்துவிட்டுப் பேசினார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, அழுத்தி, தன் ஊர்ப் பேச்சு மாதிரியே.

கப்பலிலிருந்து வேறொரு நாட்டு வாடையோடு ஒரு கரகரத்த குரல் ஒரு சொல் விடாமல் அதைத் திருப்பிச் சொன்னது. கப்பல் மெல்ல வலப்பக்கம் திரும்பியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி விடுவதாயில்லை. "புரிஞ்சிட்டா ஆச்சா? எந்த இங்கிலீஷ்காரன் இப்படிப் பேசுவான்?"

ஜெசிந்தா அந்தக் கப்பலின் ஆள் பட்டியலை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

"கேப்டன் கிரீஸ். இன்ஜினியர் கொரியா. மாலுமிங்க பிலிப்பைன்ஸ். இதுல இங்கிலீஷ்காரன் எவன்னு காட்டுங்க சார். அதுவரைக்கும் அண்ணாச்சி இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டாரு."