அல்லியங்கோதை தேடிய அமைச்சர்

"எனக்கு ஓர் அமைச்சர் வேண்டும், ஐயா. நீங்களே வாருங்கள்."

கடம்பத்துறையை ஆண்டுவந்த அல்லியங்கோதை யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள். இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மலையேறி வந்த களைப்பு என்று காட்டிக்கொண்டாள்.

ஆசான் வெண்ணாகனார் அவளைவிட வயதில் இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏனம்மா, உங்கள் ஊரில் அறிவுள்ளவர்கள் இல்லையா?"

அவளுக்குச் சுருக்கென்றது.

"கடம்பத்துறையில் அறிவுக்கா பஞ்சம்!"

"பிறகென்ன?"

"வடக்கே இருக்கும் பேரரசன் எங்கள் துறைமுகத்தைக் கேட்கிறான். தராவிட்டால் போர். பௌர்ணமிக்குத் தூதன் மறுபடி வருவான். பழைய அமைச்சரும் இறந்துவிட்டார். அவையைக் கூட்டி யோசனை கேட்டேன்."

"என்ன சொன்னார்கள்?"

"'உங்கள் வீரத்துக்கு முன் அவன் எம்மாத்திரம், மோதிப் பார்ப்போம்' என்றார் படைத்தலைவர். வணிகர்கள், 'உங்கள் கருணையை ஊரே அறியும், கொடுத்துவிட்டு மக்களைக் காப்பாற்றுங்கள்' என்றார்கள். இரண்டுமே சரியென்றுதான் பட்டது."

"அன்று உறக்கம் வந்ததா?"

"நன்றாகவே வந்தது."

"யார் பேச்சால் உறக்கம் கெட்டது?"



"காரிக்கண்ணி என்று ஒருத்தி. போன போரில் மாண்ட கப்பல் தலைவனின் மனைவி. அடுத்த நாள் அவையில் எழுந்து நின்றாள். 'துறைமுகம் எதற்கு வேண்டுமாம்? தூதனிடம் கேட்டீர்களா?' என்றாள்."

"கேட்டிருந்தீர்களா?"

"இல்லை."

"அவளுக்கு என்ன சொன்னீர்கள்?"

"வெளியே போகச் சொன்னேன்."

ஆசான் கீரைத் தட்டை ஒதுக்கிவைத்தார். எழுந்துபோய் வாசற்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

அல்லியங்கோதை அந்தத் திறந்த கதவையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஊர் எல்லையிலேயே பல்லக்கை நிறுத்தி இறங்கினாள். கடைத்தெரு வழியாக, எல்லோரும் பார்க்க, காரிக்கண்ணியின் வீட்டுக்கு நடந்தாள்.

"உன் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்னும் என்னென்ன கேட்காமல் விட்டிருக்கிறேன்?"

"நிறைய," என்றாள் காரிக்கண்ணி. "உட்காருங்கள்."

தூதன் வந்தபோது அமைச்சரின் இருக்கையில் காரிக்கண்ணி இருந்தாள். முதல் வேலையாக, துறைமுகம் எதற்கு என்று அவனிடம் கேட்டாள். புயற்காலத்தில் பேரரசனின் கப்பல்கள் ஒதுங்க இடமில்லை என்று தெரியவந்தது.

"தாராளமாக ஒதுங்கட்டும்," என்றாள் அல்லியங்கோதை. "குடிநீரும் தருகிறோம். ஆனால் துறை எங்களுடையது. அதில் பறக்கும் கொடியும் எங்களுடையது."

தூதனால் மறுக்க முடியவில்லை. அதனாலேயே சீண்டத் தோன்றியிருக்க வேண்டும்.

"இந்த அம்மாளை அவையிலிருந்து விரட்டிவிட்டு, பிறகு இவர் வாசலிலேயே போய் நின்றீர்களாமே?"



அல்லியங்கோதை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆமாம், நின்றேன். என் பிழையை என் முகத்துக்கு நேரே சொல்ல என் ஊரில் ஆள் இருக்கிறது. உங்கள் அரசருக்கு யார் இருக்கிறார்கள்?"

தூதன் வாயெடுத்தான். எந்தப் பெயரும் வரவில்லை.