நாவலும் ஈச்சையும் நரியின் கணக்கும்

குளக்கரைச் சந்தையில் ஒரு கூடை நாவல்பழத்துக்கு ஒரு கூடை ஈச்சம்பழம் கிடைக்கும். சில நாள் நாவல் விலை கொஞ்சம் ஏறும். சில நாள் ஈச்சை ஏறும். எப்படிப் போனாலும் கடைசியில் ஒன்றுக்கு ஒன்று என்று வந்து நிற்கும்.

இதைக் கண்டுபிடித்தது வெள்ளியங்கிரி என்ற நரி. பாறை முழுக்க நகத்தால் கோடு கிழித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டது.

“இவை சோடிப் பழங்கள்! சராசரி, விலக்கம், மீள்தல்! புரிகிறதா?”

அணில் சுருளிக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் பக்கத்தில் முயல் தலையாட்டியது. உடும்பும் ஆட்டியது. நாம் மட்டும் மக்காகத் தெரிவானேன் என்று சுருளியும் ஆட்டிவைத்தது.

“நாவல் விலை ஏறினால், நாவலைக் கடன் வாங்கு. ஒரு கூடைக்கு இரண்டு கூடை ஈச்சம்பழமாக மாற்று. விலை பழையபடி ஆனதும் ஒரு கூடை ஈச்சையைக் கொடுத்து நாவலை வாங்கிக் கடனைத் தீர்! மிச்சக் கூடையில் பாதி உனக்கு, பாதி எனக்கு!”

சுருளி கரடி மாசாணத்திடம் ஓடியது. “அண்ணே, ஒரு கூடை நாவல் கடனாக் கொடுங்க!”

“அடமானம்?”

“என் பொந்து!”

நரி சொன்னபடியே நடந்தது. மறுமுறையும் நடந்தது. சுருளியின் வால் தரையில் நிற்கவில்லை. “சாப்பிட வாங்க” என்று மனைவி நாச்சி கூப்பிட்டால், “பசி சராசரியைத் தாண்டட்டும்!” என்றது.

மூன்றாம் முறை நாவல் ஏறியதும், மாசாணத்திடமிருந்து பத்துக் கூடை வாங்கி ஈச்சையாக மாற்றிவிட்டது!

அந்த வாரம் ஆந்தை வைத்தியர் வாய் திறந்தார். “எல்லாருக்கும் சர்க்கரை ஏறிக் கிடக்கு! நாவல் தின்னுங்க! ஈச்சம்பழத்தைக் கண்ணாலயும் பார்க்காதீங்க!”

ஒரு கூடை நாவலுக்கு மூன்று கூடை ஈச்சை என்றானது. அப்புறம் ஐந்து!

சுருளி பதறியது. “ஐயா, சேராம விலகிக்கிட்டே போகுதே!”

“அடடா, யோகக்காரனப்பா நீ! விலகல் பெருசானா லாபமும் பெருசு! இன்னும் கடன் வாங்கு!”

“இத்தனை நாளும் ரெண்டும் ஏன் சேர்ந்தே இருந்துச்சு?”

நரி முகத்தைச் சுளித்தது. “ஏன் என்று கேட்பது பாமரர் வேலை. நாம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்போம்!”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த குரங்கு சிரித்தது. “அட அணிலண்ணே! பழம் வாங்குற நாங்க ரெண்டையும் தின்னோம். எது மலிவோ அதுக்குப் பாய்வோம், விலை சமமாயிரும். இப்ப ஈச்சையைத் தொட்டா வீட்டுல உதைக்கிறாங்க!”

சுருளி பொந்துப் பக்கம் ஓடப் பார்த்தது. திரும்பினால் பின்னால் மாசாணம்!

“எங்கடா என் நாவல்?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே, சேர்ந்துரும்!”

“எனக்கே சர்க்கரை! வைத்தியர் இன்னிக்கே ஆரம்பிக்கச் சொல்லிட்டார்!”

சுருளி காட்டியதோ குவியல் குவியலாக ஈச்சம்பழம். புளித்து நுரைத்து, ஈ மொய்த்துக் கிடந்தது. மாசாணம் மூக்கைப் பொத்திக்கொண்டு பொந்தை எடுத்துக்கொண்டது.

தூறலில் நாச்சி ஒவ்வொரு குட்டியாக வாயில் கவ்வி இறக்கினாள். சுருளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளியங்கிரி, முன்பு வாங்கிய பங்கை மென்றுகொண்டே அந்த வழியாக வந்தது.

“என் கணக்கு சரிதானப்பா! பழங்கள்தான் தப்புப் பண்ணிவிட்டன!” என்றது. பிறகு அடுத்த பாறைக்குப் போய், “வெள்ளரியும் தர்ப்பூசணியும் சோடி!” என்று கோடு கிழித்தது. முயல் தலையாட்டியது.

நீதி: இருவர் சேர்ந்து நடப்பதைக் கண்டால், அவர்களைக் கட்டியிருக்கும் கயிறு எது என்று கேட்டறியாமல் வீட்டைப் பணயம் வைக்காதே.