புளி போட்டுத் தேய்க்காத காசு

ஒரு ஊர்ல ஒரு காசு வியாபாரி இருந்தாராம். பேரு காசிலிங்கம். பேருலயே காசு! சந்தையில சிவப்புத் துணியை விரிச்சு, அந்தக் காலத்து வெள்ளிக்காசு, செல்லாத நோட்டு எல்லாத்தையும் வாங்குவாரு, விப்பாரு. காசை நகத்தால சுண்டிக் கேப்பாரு. கிணிங்ங்னா வெள்ளி, டொக்குனா ஈயம். ம் சொல்லுடி. சொல்லலைன்னா நான் தூங்கிருவேன்.

அதே ஊர்ல வெள்ளத்தாயின்னு ஒரு அம்மா. அவளுக்கு இருக்கிறது ஒரே ஆடு. அன்னிக்கு அது அடுத்தவன் கடலைக் காட்டுல புகுந்து கறுக்குமொறுக்குன்னு மேஞ்சிருச்சு. பிடிச்சுப் பவுண்டுல அடைச்சுட்டாங்க. பவுண்டுன்னா ஆடுமாட்டுக்கு ஜெயிலு. பொழுது சாயறதுக்குள்ள ஐந்நூறு ரூபா அபராதம் கட்டலைன்னா ஆட்டை ஏலம் விட்டுருவாங்க. வீட்லயோ அதோட குட்டி பாலுக்கு மே... மே...ன்னு கத்துது. பாவம், பொறந்து நாலு நாளுதான் ஆச்சு.

அப்போ வெள்ளத்தாயி, தகரப்பெட்டிக்கு அடியில கிடந்த கறுத்த காசு ஒண்ணை முந்தானையில முடிஞ்சுக்கிட்டு சந்தைக்கு ஓடினா. "அண்ணாச்சி, ஆட்டை மீட்கணும். குட்டி பாலில்லாமக் கிடக்கு. இதுக்கு என்ன தருவீங்க?"ன்னு கேட்டா.

காசிலிங்கம் சுண்டினாரு. கிணிங்ங்ங்! பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. ஒரு பக்கம் குட்டியூண்டு யானை. இருபது வருஷமா அவரு தேடுற காசு! நெஞ்சு திக்குதிக்குங்குது. ஆனா மூஞ்சியை உம்முனு வச்சுக்கிட்டாரு, கள்ளன்.

"கறுத்துல்ல கிடக்கு? நூறு ரூபா தரேன்."

"அழுக்குத்தானே அண்ணாச்சி? இருங்க, துடைச்சுத் தரேன்"னு முந்தானையில எச்சியைத் தொட்டா.

"ஐயையோ, துடைக்காதே! இருநூறு தரேன்."

இருநூறுக்கு ஆடு வருமா? வராதே. அப்புறம் அவ குனிஞ்சு ஒரு பிடி மண்ணை அள்ளினா. "மண்ணு போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும். அப்போ கூடக் குடுப்பீங்கல்ல?"

"மண்ணா! கீழ போடும்மா, கீழ போடு! முந்நூறு வச்சுக்கோ."

என்ன இந்த மனுஷன், அழுக்கை எடுக்க விடமாட்டேங்கிறாரு, ஆனா துட்டு மட்டும் ஏறுதே? வெள்ளத்தாயிக்கு அப்போதான் பொறி தட்டுச்சு. ம் எங்க? ஆங்.

அப்புறம் பக்கத்துக் கடையில ஒரு உருண்டை புளி வாங்கினா. இந்தத் தடவை அவ காசைப் பாக்கல, அவரு மூஞ்சியைத்தான் பாத்தா. புளியைக் காசுகிட்ட கொண்டு போறா... போறா...

காசிலிங்கம் ரெண்டு கையாலயும் காசைப் பொத்திக்கிட்டாரு. கண்ணே கலங்கிப் போச்சு. "வேண்டாந் தாயி! அந்தக் கறுப்பு ஏறுறதுக்கு எத்தனை காலம் ஆச்சோ! அதுக்குத்தான் மதிப்பே. தேய்ச்சா யானை தேஞ்சுரும். அதுக்கு வலிக்கும் தாயி!"ன்னு எல்லாத்தையும் உளறிட்டாரு.

வெள்ளத்தாயி கையில புளியோட அப்படியே நின்னா. "காசுக்கு வலிக்கும்னு தெரியுது. நாலு நாள் குட்டிக்கு வயிறு வலிக்கும்னு தெரியலையா அண்ணாச்சி?"

காசிலிங்கம் பொத்தியிருந்த கையை மெதுவா எடுத்தாரு. கெட்ட மனுஷன் இல்லம்மா, காசுக் கிறுக்கு, அவ்வளவுதான். "எட்டாயிரம் போகும் தாயி. பொய் சொல்லிட்டேன்"னு இடுப்புப் பையை அவுத்து முழுசாக் குடுத்தாரு. பொழுது வேற இறங்குது. கடையைச் சுருட்டி, அவளைச் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு கடக்கு கடக்குன்னு பவுண்டுக்கு மிதிச்சாரு. பூட்டைத் திறந்து ஆட்டை விட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் குட்டி ஓடி வந்து முட்டி முட்டி சப்பு சப்புன்னு குடிச்சுது பாரு, வாலு என்னமா ஆடுது! காசிலிங்கம் வாசல்ல நின்னு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு. இருபது வருஷமாத் தேடின காசு சட்டைப்பையில கிடக்கு. அதை எடுத்துப் பாக்கணும்னே அவருக்குத் தோணல.

அப்புறமா? அப்புறம் குட்டி வயிறு ரொம்பித் தூங்கிருச்சு. கதையும் படுத்துருச்சு. நீயும் கண்ணை மூடு, தங்கம்.