மூத்த லேப்டாப்புக்கு வரன் பார்த்த கதை

வெள்ளந்திபுரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், "இங்கேதான்" என்பார்கள். அதற்கு மேல் விவரம் கிடைக்காது.

அந்த ஊர்க் கடைத்தெருவில் ஒரு திருமணத் தகவல் நிலையம். நடத்துபவர்கள் மூன்று பேர். தலைவர் ஏகாம்பரம். ஜாதகம் பார்ப்பவர் பூங்கோதை. வரன்களின் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் தெய்வநாயகம்.

தெய்வநாயகத்துக்கு நாற்பது வயது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஊரார் போட்டோவையெல்லாம் பதினைந்து வருஷமாக ஏற்றியவருக்குத் தன் போட்டோவை ஏற்றக் கூச்சம். போன மாதம்தான் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, நாற்பத்தொன்றாம் நம்பர் வரனாகத் தன்னையே ஏற்றினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வரன் அறிமுக விழா. எழுபது குடும்பங்களுக்கு முன்னால், பெரிய திரையில் அந்தப் போட்டோ வரப்போகிறது. அதை நினைத்து அவர் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் செத்துப்போனது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்தார். "போட்டோ எல்லாத்தையும் இந்த பென்டிரைவ்ல எடுத்துட்டேன். ஒரு லேப்டாப் வாங்கி இதைச் சொருகினா விழாவை நடத்திடலாம். இந்தக் கம்ப்யூட்டர் போனது போனதுதான். இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டதால், அன்று முழுவதும் மூவரும் ஒன்றும் செய்யவில்லை.

செவ்வாய்க்கிழமை லேப்டாப் கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த ஜெபராஜ் இரண்டு லேப்டாப்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், இது போன வருஷ மாடல். இது புதுசு, வந்து மூணு நாள்தான் ஆச்சு. புதுசுல பேட்டரி ரெண்டு மணி நேரம் கூட நிக்கும். படம் கொஞ்சம் தெளிவா இருக்கும். மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான். பழசு பதினாலாயிரம் கம்மி. பாத்துச் சொல்லுங்க."

பார்க்கச் சொன்னதால் பார்த்தார்கள். அரை மணி நேரம் பார்த்தார்கள்.

"தொட்டும் பாக்கலாம் சார்."

ஏகாம்பரம் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தம்பி, இருபத்தஞ்சு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பேச்சு முடியறதுக்கு முன்னாடி தொடற பழக்கம் எங்ககிட்ட கிடையாது."

பூங்கோதை கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ரெண்டும் ஒரே வீடா?"

"ஒரே கம்பெனிதான் அக்கா."

"மூத்தது எது?"

"இதுதான். போன வருஷத்தது."

"மூத்தது வீட்டுல இருக்கறப்போ, இளையதுக்கு மாலை போட்டு, லைட்டு போட்டு, வாசல்ல நிறுத்தியிருக்கீங்களே. இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

ஜெபராஜ் வாசலைப் பார்த்தார். புது மாடலுக்கு உண்மையிலேயே மாலை போட்டிருந்தது.

ஏகாம்பரம் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வருஷமா ஏன் தம்பி போகலை? ஏதாவது குறையா? எங்ககிட்ட மறைக்கக் கூடாது."

"குறையெல்லாம் இல்ல சார். தீபாவளிக்கு மட்டும் நாப்பது போச்சு. இப்போ மூணுதான் மிச்சம்."

"மூணு அக்காவா!" பூங்கோதை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

மூவரும் கடை வாசலில் நின்று ஆலோசித்தார்கள்.

"அண்ணே, எனக்குப் புதுசுதான் பிடிச்சிருக்கு. என் போட்டோ அதுல பளிச்சுன்னு தெரியும்" என்றார் தெய்வநாயகம், தரையைப் பார்த்துக்கொண்டு.

"பிடிச்சது இளையதுன்னா, முதல்ல மூத்ததுங்க மூணும் கரையேறணும். அதுதான் முறை" என்றார் ஏகாம்பரம்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆகுமாண்ணே?"

"நாயகம், நாம என்ன தொழில் பண்றோம்?"

தெய்வநாயகம் யோசித்தார். "கல்யாணத் தொழில்."

"அப்புறம் என்ன?"

முதல் வரன் புதன்கிழமை கிடைத்தது. தணிகாசலம் என்ற தமிழாசிரியர். காலேஜில் சேர்ந்திருக்கும் மகளுக்கு லேப்டாப் வேண்டும். பூங்கோதை அட்டைப்பெட்டியில் இருந்த தயாரிப்புத் தேதியை வைத்து ஜாதகம் கணித்து எடுத்துப் போயிருந்தார்.

"சம்பளம் எவ்வளவுன்னு கேக்க மாட்டோம். ஈரமே படக் கூடாதுன்னு கடையில சொன்னாங்க. அதனால ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீங்க குடிப்பீங்களா?"

"மோர் குடிப்பேன்."

"எவ்வளவு?"

"ஒரு டம்ளர்."

பூங்கோதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆசிரியருக்கு ஒரு சந்தேகம். "அதான் புது மாடல் வந்துடுச்சே. இப்போ போய்ப் பழசை வாங்கலாமா?"

ஏகாம்பரம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சார், இதுல என்னென்ன தொந்தரவு வரும், வராதுன்னு ஏற்கெனவே நாப்பது வீட்டுல பாத்தாச்சு. புதுசுல என்ன வரும்னு செஞ்சவனுக்கே தெரியாது. ரெண்டு மணி நேர பேட்டரிக்குப் பதினாலாயிரமா? ஏன், உங்க வீட்டுச் சுவத்துல பிளக் பாயின்ட் இல்லையா?"

வெள்ளந்திபுரத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசி யாரும் கேட்டதில்லை. ஆசிரியர் உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். தான் சொன்னது ஏகாம்பரத்தின் காதில் மட்டும் விழவில்லை.

வியாழக்கிழமை இரண்டாவது அக்கா ஒரு ஜவுளிக்கடைக்கு வாழ்க்கைப்பட்டது. மூன்றாவது வெள்ளிக்கிழமை போனது. வெளியூர் சம்பந்தம். பஸ் கிளம்பும்போது பூங்கோதை ஜன்னல் வழியாகப் பெட்டியைத் தடவிக் கொடுத்து, "போற இடத்துல சொன்னதைக் கேட்டு நடந்துக்கோ. பாதியில நின்னு நின்னு போகாதே" என்று சொல்லி மூக்கைச் சிந்தினார். வாங்கியவரும் காரணம் தெரியாமல் கூடவே அழுதார்.

சனிக்கிழமை காலை மூவரும் தட்டில் பழம், பூ, வெற்றிலையோடு கடைக்கு வந்தார்கள். தெய்வநாயகம் புதுச் சட்டை போட்டிருந்தார்.

ஜெபராஜ் ஓடிவந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மூணையும் வித்துக் கொடுத்துட்டீங்களே! இந்தாங்க, நீங்க கேட்ட புது மாடல். உங்களுக்காகத் தனியா எடுத்து வச்சிருக்கேன். ஆனா ஒரு விஷயம், மறைக்காம சொல்லிடறேன். பொங்கலுக்கு இதைவிடப் புதுசா ஒண்ணு வருதாம். இப்பதான் கம்பெனியிலிருந்து போன் வந்தது."

ஏகாம்பரம் தட்டை மேஜைமேல் வைத்தார்.

"அப்போ, இது?"

"இது இனிமே பழைய மாடல் ஆயிடும் சார்."

ஏகாம்பரம் மெதுவாகத் திரும்பி மற்ற இருவரையும் பார்த்தார். "கேட்டீங்களா? தங்கச்சியைக் காட்டிட்டு, முகூர்த்த நேரத்துல அக்காவைக் கட்டி வைக்கப் பாக்கறாங்க!"

"அண்ணே, அந்தத் தங்கச்சி இன்னும் பொறக்கவே இல்லையே" என்றார் தெய்வநாயகம், அழாத குறையாக.

"பொறக்காத குழந்தை மேல பழி போடாதே நாயகம். தப்பு பெரியவங்க மேல."

பூங்கோதை தட்டிலிருந்த பழங்களை எண்ணிப் பைக்குள் போட்டார். மூவரும் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. எழுபது குடும்பங்களும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஏகாம்பரம் மேடை ஏறி, பென்டிரைவைத் தூக்கிக் காட்டினார்.

"பெரியோர்களே, எல்லா வரனும் இதுக்குள்ளதான் இருக்காங்க. ஒவ்வொருத்தரா நல்லாப் பாத்துட்டுப் பக்கத்துல கொடுங்க. தள்ளுமுள்ளு வேண்டாம்."

பென்டிரைவ் முதல் வரிசையில் இறங்கியது. சிலர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பெண் வீட்டார் யாராவது தப்பாக நினைப்பார்களோ என்று உடனே மூடினார். யாரும் குறை சொல்லவில்லை.

தெய்வநாயகம் தன் ஆறடி உடம்பை வளைத்து வளைத்து எல்லோருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசைக்கு வந்தபோது பென்டிரைவும் அங்கே வந்து சேர்ந்தது. ஓர் அம்மாள் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார்.

"தம்பி, உங்க ஜாதகப் பட்டியல்ல நாப்பத்தொண்ணாம் நம்பர் எங்க பொண்ணுக்கு அமோகமாப் பொருந்துது. அவர் எந்தப் பக்கம் இருக்கார்?"

தெய்வநாயகம் பென்டிரைவைக் காட்டினார். "உள்ளேதாம்மா இருக்கார்."

அம்மாள் பென்டிரைவை முகத்தருகே கொண்டுபோய் ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க. மாப்பிள்ளையைப் பாக்கணும்."

தெய்வநாயகம் இரண்டடி தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மாள் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "லட்சணமாத்தான் இருக்கார். ஆனா உயரம் பத்தாதே."

தெய்வநாயகம், காபித் தட்டு சாய்ந்துவிடாமல், மெல்லக் குதிகால்களை உயர்த்தி நின்றார்.