ராஜா வீட்டு ஈர மெத்தை

பெரியம்மா கதை சொல்லணும்னா நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும், சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ராஜா. எப்படிப்பட்ட ராஜா? தினம் காலையில மொட்டை மாடியில மெத்தை காயப்போடுற ராஜா. அவர் பொண்ணு செண்பா, உன் வயசுதான், தூக்கத்துல சொர்ர்ர்னு போயிடுவா. சிரிக்காதே! வேணும்னா பண்றா? தூங்குறவளுக்கு எப்படித் தெரியும்?

அப்போ அவ அத்தை பொண்ணுக்குக் கல்யாணம் வந்துது. மண்டபத்துல பிள்ளைங்க எல்லாம் ஒரே ஜமக்காளத்துல வரிசையா படுக்குமே? செண்பா "நான் வரலை"ன்னுட்டா. போகணும்னு கொள்ளை ஆசை, பயம் அதைவிடப் பெருசு.

"ம்."

ராஜா தளபதியைக் கூப்பிட்டார். அவன் மீசையை முறுக்கி, "இனிமே நனைச்சே, தொலைச்சிடுவேன்!"னு உறுமினான். அன்னிக்கு சொர்ர்ர்! பயத்துல இன்னும் ஜாஸ்தி.

அப்புறம் மந்திரவாதி வந்து, ஜிங் ஜிங்னு ஆடி, இடுப்புல தாயத்து கட்டினான். சொர்ர்ர்! தாயத்தும் நனைஞ்சுது.

அப்புறம் மந்திரி. பெரிய மூளை! பொழுது சாய்ஞ்சதும் தண்ணிப் பானையைப் பூட்டிட்டார். தொண்டை வறண்டு குழந்தை அழுதுது. காலையில பாத்தா?

"சொர்ர்ர்!"

அப்போ ராணிக்குக் கோபம் வந்துடுச்சு. "எல்லாரும் ராத்திரியையே பாக்குறீங்களே, பகல்ல அவ என்ன பண்றான்னு யாராவது கேட்டீங்களா?"ன்னு அவங்களைக் கடிஞ்சுட்டு, செண்பாவை மடியில உக்கார வச்சுக் கேட்டா.

"பள்ளிக்கூடக் கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் இல்லைம்மா. அதான் தண்ணியே குடிக்காம அடக்கிப்பேன். வீட்டுக்கு வந்து மொத்தமா குடிப்பேன்."

மறுநாளே தட் தட் தட், தாழ்ப்பாள் ஏறிடுச்சு. செண்பா பகல் பூரா தண்ணி குடிச்சா, இடைவேளை மணி அடிச்சதும் போனா, படுக்கறதுக்கு முன்னாடியும் போனா.

"உடனே நின்னுடுச்சா பெரியம்மா?"

அதெப்படி? ஒரு நாள் காயும், ஒரு நாள் நனையும். யாரும் திட்டலை. மெல்ல மெல்லத்தான் குறைஞ்சுது.

அப்புறம் கல்யாணம். "மாத்துப் பாவாடை பையில இருக்கு. நனைஞ்சா மாத்திக்கோ, அவ்வளவுதானே"ன்னா ராணி.

காலையில எல்லாருக்கும் முன்னாடி செண்பா கண்ணு முழிச்சா. ஜமக்காளம் ஈரம்! திக்னு ஆயிடுச்சு. தொட்டுப் பாத்தா, அவ பாவாடை காய்ஞ்சிருக்கு. பக்கத்துல, ஓரத்துல படுத்திருந்த பெரியப்பா பையன் கண்ணை இறுக்கி மூடி, தூங்குற மாதிரி கிடக்கான். கன்னத்துல பொலபொலன்னு கண்ணீர்.

செண்பா அவன் காதுல, "எழுந்திரு அண்ணா. யாரும் முழிக்கறதுக்குள்ள இந்த ஓரத்தை அலசிடலாம். மாத்துப் பாவாடை இருக்கு, வேணுமா?"ன்னா.

"பாவாடையா!"ன்னு அவனுக்கு அழுகையிலயே சிரிப்பு வந்துடுச்சு.

கதை படுத்தாச்சு, நீயும் படு. என்னடி, எழுந்துக்கறே? பாத்ரூமா? போ, லைட்டைப் போட்டுக்கிட்டுப் போ.