ஐந்தாவது வரி

முதலில், விசைப்படகுக்காரர்கள் கரையோரம் இழுவைமடி வலை போட்டு எங்கள் வலைகளை அறுத்தார்கள். இரண்டாவது, நியாயம் கேட்கப் போனவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது, ஆமை தப்பிக்க வழியில்லாத மடிகளில் பங்குனி ஆமைகளை மூச்சடைத்துக் கொன்றார்கள். நான்காவது, அந்தப் பழியையும் எங்கள் நாட்டுப்படகுகள்மேல் போட்டார்கள்.

நாட்டுப்படகு மீனவர் சங்கத் தோழர் கஸ்பாரின் துண்டறிக்கையில் இந்த நான்கும் வரிசை மாறாமல் இருந்தன. ஐந்தாவது வரி இந்த வருடத்தியது: ஓர் ஆமையின் இடது துடுப்பைப் பாதி அறுத்த விசைப்படகு ஓட்டுநர் யார்? பெயருக்கு இடம் காலியாக விட்டிருந்தார்.

அந்த ஆமை மீன் காட்சியகத்தின் மீட்புத் தொட்டியில் இருந்தது. பெயரைத் தேடி, அறுபத்திரண்டு வயதில் கஸ்பார் அங்கே தொண்டராகச் சேர்ந்தார். கல்லூரித் தொண்டர்களுக்கு வேலை பழக்கும் மெர்சிலினுக்கு வயது இருபத்து மூன்று. கஸ்பார் அவளை டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, அவன் பேர் என்ன?"

"பதிவேட்டில இருக்கு தோழர்."

"காட்டுங்க."

"தொட்டியைத் தேய்ச்சாச்சா?"

"காலையிலேயே."

"அப்ப ஆமைக்குக் கணவாய் மீன் நறுக்குங்க."

நறுக்கினார். தினமும் கேட்டார். தினமும் ஒரு வேலை வந்தது.

"ஆமைக்கு ஒரு கோஷம் போடுங்க தோழர்!" என்று மாணவர்கள் சீண்டினார்கள்.

"போட்டாச்சுடா. தலையைக்கூட இழுத்துக்கல. நான் பார்த்த அதிகாரிகளைவிடத் தைரியசாலி."

புண் ஆறியது. ஒருநாள் காலை ஆமையைக் கடலில் விடக் கரைக்குக் கொண்டுபோனார்கள். மாணவர்கள் வந்தார்கள். நாட்டுப்படகுக்காரர்களும் விசைப்படகுக்காரர்களும் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

மெர்சிலினின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கடலிலிருந்து ஒரு விசைப்படகுக்காரர்; பின்னால் இன்ஜின் இரைச்சல்.

"அம்மா, எங்க மடியில ஒரு ஆமை மாட்டிக்கிச்சு. உயிர் இருக்கு. கொண்டு வந்தா கேஸ் போடுவாங்களா? இல்ல, அப்படியே தள்ளிவிட்டுரவா?"

"லைன்லயே இருங்கண்ணா."

கையோடு கொண்டுவந்திருந்த பதிவேட்டைத் திறந்து, போனோடு சேர்த்துக் கஸ்பாரிடம் கொடுத்தாள்.

"பேர் கேட்டீங்களே தோழர். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படிங்க."

கஸ்பார் பார்த்தார். பெயர், 'கொண்டுவந்தவர்' என்ற கட்டத்தில் இருந்தது.

"அறுத்தவன் பேரைத்தானே கேட்டேன்?"

"அவர் மடியிலதான் அறுபட்டுச்சு. அவரேதான் மடியைக் கிழிச்சு எடுத்தார். அன்னைக்குத் தொழிலை விட்டுட்டு இங்க கொண்டு வந்தார்."

"அப்ப என் அஞ்சாவது வரி பொய்யா?"

"பொய் இல்ல. அந்தப் பேரை உங்க நோட்டீஸ்ல 'அறுத்தவர்'னு எழுதியும் படிக்கலாம், இதுல 'கொண்டுவந்தவர்'னு இருக்கிறபடியும் படிக்கலாம். போன்ல ஒருத்தர் கேட்டுட்டு இருக்கார்."

"அம்மா, இது மூச்சு வாங்குது. என்ன செய்யட்டும்?" என்றது போன்.

விசைப்படகுக்காரர்கள் பக்கம் ஒருவர் தலை குனிந்துகொண்டார்.

கஸ்பார் துண்டறிக்கையை எடுத்தார். கிழிக்கவில்லை. "முதல் நாலு வரியும் நிக்குது" என்று சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

மாணவர்கள் ஆமையை ஈர மணலில் இறக்கினார்கள். அது கோணிக் கோணி நகர்ந்தது. ஓர் அலை வந்து அதைத் தூக்கிக்கொண்டது.

கஸ்பார் போனை வாய்க்கு நேராகப் பிடித்தார். முப்பது வருடம் மைக் இல்லாமல் பேசிய குரல்.

"கூடியிருக்கிற சாட்சிகளே, கடலில் இருக்கும் தம்பி, நீயும் கேள். பங்குனி ஆமை ஒன்று. உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர், விசைப்படகு ஓட்டுநர் லிகோரி மச்சாது."