அண்ணாச்சி தேய்த்த இடம்

வீரபாகு அண்ணாச்சியின் கட்டடத்தில் கார் ஆடியோ கடை வைத்திருந்தாள் ஜெசிந்தா. அவருடைய புதுக் காரில் ஆம்ப்ளிஃபயர் மாட்டினாள். ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டோடு 'ஙொய்' என்று இரைச்சலும் வந்தது.

"எர்த் வயர் பெயிண்ட் மேல இருக்கு அண்ணாச்சி, அதான் இரையுது. சுரண்டிட்டு இரும்புல முடுக்கணும்."

"உன் கை ஒரு கீறல் போட்டாலும் கடையைக் காலி பண்ணிரு. இரைச்சலும் நிக்கணும்!"

ஜெசிந்தா டிக்கி விரிப்பைத் தூக்கி, எதிர் டீக்கடைவரை கேட்கும்படி சொன்னாள்: "அடியில வேற கலர் இருக்கும்போல. பழைய வண்டிக்குப் பெயிண்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்களோ?"

டீக்கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணாச்சி அவள் கையிலிருந்த உப்புத்தாளைப் பிடுங்கி, அவள் காட்டிய போல்ட்டைச் சுற்றி இரும்பு பளபளக்கத் தேய்த்தார்.

"பாரு! வேற கலர் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி, சுத்தமான இரும்பு" என்றபடி வயரை அங்கேயே முடுக்கினாள். இரைச்சல் நின்றது.

அண்ணாச்சி உப்புத்தாளைப் பார்த்தார். டீக்கடையின் சிரிப்பு காதில் விழுந்தது. பாட்டை இன்னும் சத்தமாக வைக்கச் சொன்னார்.